வேலூர் வெயிலில் ஒரு தீபாவளிச் சீட்டு

சென்னையில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். போலீஸ் என்றால் துரத்திப் பிடிக்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள். எங்கள் பிரிவில் பாதி நாள் வில்லங்கச் சான்றோடும் பேங்க் ஸ்டேட்மெண்டோடும்தான் போகும். ஒரு தீபாவளிச் சீட்டு வழக்குக்காக வேலூர், வாலாஜா, குடியாத்தம் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். ராத்திரிகளில் லாட்ஜில் உட்கார்ந்து எழுதியதைக் கொஞ்சம் சரி செய்து போடுகிறேன். விசாரணை நடக்கிறது, அதனால் யார் பெயரும் எந்தத் தெருவும் இருக்காது, சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். ஊரும் வெயிலும் சாப்பாடும் அப்படியே இருக்கின்றன.

மே 12, திங்கள் – வேலூர்

காட்பாடியில் இறங்கியதுமே செருப்பு வழியாகச் சூடு ஏறியது. அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு யாராவது போவார்களா என்று அம்மா போனிலேயே திட்டினாள். ஆட்டோக்காரர் 250 கேட்டார். என்னை அழைத்துப் போக வந்திருந்த வேலூர் யூனிட் ஏட்டு அவரிடம் தனியாக ஏதோ சொன்னதும் 150 ஆகிவிட்டது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, இறங்கும்போது 200 கொடுத்தேன். ஏட்டுக்கு அது பிடிக்கவில்லை.

போலீஸ் விடுதியில் அறை இல்லை என்று கடைசி நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் தேடினோம். அங்கே கேட்கிற முதல் கேள்வி, "பேஷண்டா, அட்டெண்டரா?" இரண்டும் இல்லை என்றதும் ரிசப்ஷன் பையன் குழம்பிவிட்டான். வேலூருக்கு வேறு எதற்காக ஒரு பெண் தனியாக வந்து நாலைந்து நாள் தங்கப்போகிறாள்? நாலாவது லாட்ஜில் ஏசி இல்லாத அறை கிடைத்தது, 700 ரூபாய், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றைக்குச் சுற்றியிருக்கிற அத்தனை தெருவுக்கும் சோறு போடுகிறது. பாதிப் போர்டு வங்காளியில். மெஸ்ஸில் உட்கார்ந்தால் சாம்பாருக்கு முன்னால் கடுகெண்ணெய் வாசனை வருகிறது. மீன் குழம்பு சாப்பாடு 130. கடுகு அரைத்து ஊற்றிய குழம்பு, முதல் வாய்க்குக் கண்ணீர் வந்தது, மூன்றாவது வாயிலிருந்து பிடித்துவிட்டது.

பக்கத்து அறையில் கொல்கத்தாப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு ஏதோ ஆபரேஷன். ராத்திரி கரண்ட் போனதும் எல்லோரும் வராந்தாவில் வந்து உட்கார்ந்தோம். அந்த அம்மா கேட்காமலே ஒரு பேப்பரில் பொரி போட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி, மேலே கடுகெண்ணெய் சொட்டி என் பக்கம் தள்ளினார். என் இந்திக்கு அவருடைய இந்தி எவ்வளவோ மேல். என்ன வியாதி என்று அவர் என்னைக் கேட்டார், வேலை என்றேன். பாவமாகப் பார்த்தார்.

ஏட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாலாஜாக்காரர், ரிடையராக ஒரு வருஷம் பாக்கி. "தமிழ்நாட்டுக்கே முதல் முனிசிபாலிட்டி எங்க ஊருதான் மேடம், 1866" என்று பார்த்த பத்தாவது நிமிஷமே சொல்லிவிட்டார். அவருக்கு இன்னமும் எல்லாமே பழைய வடாற்காடு மாவட்டம்தான். 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019-ல் மிச்சத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். சீட்டு நடத்தியவருக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது, பழைய வடாற்காடு முழுக்க வசூல் பண்ணியிருக்கிறார், சொத்தும் அப்படியே சிதறிக் கிடக்கிறது. நான் மட்டும் நாலு கலெக்டர் ஆபீஸுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும்.

மே 13, செவ்வாய் – வாலாஜா பக்கம்

இன்றைக்கு வாக்குமூலம். ஏன் இந்த வெயிலில் நானே தெருத்தெருவாகப் போகிறேன் என்று கேட்பீர்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போய் விசாரிக்க வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 179-வது பிரிவு. தீபாவளிச் சீட்டு கட்டியவர்களில் பெண்கள்தான் ஏறக்குறைய எல்லோருமே. தோல் ஷாப்புக்குப் போகிறவர்கள், ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். லேப்டாப் சூட்டில் அடிக்கடி நின்று போனதால் கையாலேயே எழுதினேன்.

ஒரு அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பளபள அட்டை, மேலே லட்சுமி படம், கீழே மாதம் 500 வீதம் 12 கட்டம். பின்பக்கம் பட்டியல்: அரை கிராம் தங்கக் காசு, 10 கிராம் வெள்ளி, ஒரு எவர்சில்வர் குண்டான், மளிகை, ஸ்வீட், காரம், பட்டாசு. அட்டையை மழையில் நனையாமல் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார் ஒரு அம்மா. இன்னொருவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார், ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது.

ஆகமொத்தம் 6,000 கட்டினால் இவ்வளவும் எப்படித் தர முடியும்? முடியும் என்று சில வருஷம் தந்திருக்கிறார்கள், அதுதான் விஷயம். மொத்த விலையில் பொருள் வாங்குவது, வருகிற பணத்தை வட்டிக்கு விடுவது, நிலத்தில் போடுவது, அடுத்த வருஷம் சேருகிறவர்கள் கட்டுவதை எடுத்து இந்த வருஷத்துப் பாக்கியை அடைப்பது என்று ஓடியிருக்கிறது. 2023 தீபாவளி சமயத்தில் அட்டை அச்சடித்தபோது சவரன் 45,000-ஐ ஒட்டி இருந்தது. 2024 தீபாவளிக்கு 59,000-ஐத் தாண்டிவிட்டது. அரை கிராம் காசுக்கு மட்டும் அட்டைக்கு ஏறக்குறைய 900 ரூபாய் கூடுதல் செலவு. ஆயிரக்கணக்கில் அட்டை. தங்கத்தை முன்கூட்டி வாங்கி வைக்கவில்லை, வாங்க வேண்டிய பணம் மனையாக மாறியிருந்தது. திருடவேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசியில் கை விரிக்கப்போகிறோம் என்று ஆவணியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் வாங்கினார்.

இது சட்டப்படி சீட்டே இல்லை என்பது கட்டியவர்களுக்குத் தெரியாது. 1982 சிட் ஃபண்ட் சட்டத்தில் வருகிற சீட்டில் ஏலமோ குலுக்கலோ இருக்கும், ஒவ்வொருவரும் முறை வைத்து எடுப்பார்கள், பதிவாளரிடம் பதிவு இருக்கும். இது வெறும் டெபாசிட். திருப்பித் தருவது பணமாக இல்லாமல் பொருளாக இருந்தாலும் அது டெபாசிட்தான் என்று நம் மாநிலத்தின் 1997 முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-ல் செல்லும் என்று தீர்ப்பானது. தவறினால் 10 வருஷம் வரை தண்டனை. இதையெல்லாம் மரத்தடியில் விளக்கினேன். ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. "அவரு உள்ள போவாரா வெளிய வருவாரான்றது இருக்கட்டும் மா. எங்க ஆறாயிரம் எப்ப வரும்?"

சொத்தை அரசாணை போட்டு ஜப்தி செய்ய வேண்டும், ஸ்பெஷல் கோர்ட் அதை உறுதி செய்ய வேண்டும், ஏலம் விட வேண்டும், வந்ததை விகிதப்படி பிரிக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் நாள் ஆகும் ஆயா" என்றேன். அந்த ஆயா சிரித்தார். "எனக்கு எழுபத்திரண்டு ஆவுது. உன் கொஞ்சம் நாள் எவ்ளோ நாளு?"

இன்னொரு தகராறு, கையெழுத்து. பி.என்.எஸ்.எஸ். 180-வது பிரிவில் எடுக்கிற வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. இவர்களோ கையெழுத்து வாங்கினால்தான் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். பேனாவைப் பிடுங்காத குறை. கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு தயாராக நின்றார் ஒருவர். "கையெழுத்து வாங்காம எழுதிகினு போறவங்கள எப்படிமா நம்புறது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நியாயமான சந்தேகம், இவ்வளவு ஏமாந்தவர்களுக்கு.

மத்தியானம் வண்டியில் கேழ்வரகுக் கூழ் வந்தது. சொம்பு 20 ரூபாய், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு. ரெண்டு சொம்பு குடித்தேன். கூழ்க்காரம்மா எனக்கு மட்டும் காசு வேண்டாம் என்றார், அவரும் அட்டைதாரராம்! வற்புறுத்திக் கொடுத்தேன், இல்லாவிட்டால் அதுவும் நாளைக்கு ஒரு புகாராகும்.

சாயங்காலம் அட்டைகளையும் கம்பெனி பேரேட்டையும் ஒத்துப் பார்த்தபோதுதான் ஒன்று இடறியது. அந்தத் தெருவில் 38 அட்டை, ஒரே ஏஜெண்ட் வழியாகச் சேர்ந்தவை. அட்டையில் 12 கட்டத்திலும் டிக் இருக்கிறது. பேரேட்டில் 11 மாதம்தான் வரவு. ஐப்பசித் தவணை, ஆளுக்கு 500, மொத்தம் 19,000 ரூபாய் கம்பெனிக்குப் போகவே இல்லை. மற்ற ஏஜெண்டுகளின் கணக்கு சரியாக இருக்கிறது.

திரும்ப வந்து கேட்டேன். அதுவரை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசிய பெண்கள் சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். "சீட்டக்கா மேல ஒண்ணும் எழுதாதீங்க மா. அது நல்லது." அந்த ஏஜெண்டைத்தான் சீட்டக்கா என்கிறார்கள். அவ்வளவுதான். என்ன கேட்டாலும் அதே பதில்.

மே 14, புதன் – வேலூர்

நாள் முழுக்கப் பேப்பர். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஃபேன் சுழல்கிறது, காற்று வரவில்லை. வில்லங்கத்தை ஆன்லைனில் பார்த்துவிடலாம், ஆனால் கோர்ட்டுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும், அதற்கு நேரில் போய் நிற்கத்தான் வேண்டும். போலீஸ் என்றாலும் வரிசை வரிசைதான் என்று அந்த க்ளார்க் அம்மா சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியில் எரிச்சல்.

பதினோரு மணிக்கு நான் தேடியது கிடைத்தது. சீட்டு நடத்தியவர் 2024 அக்டோபர் முதல் வாரத்தில், அதாவது தீபாவளிக்கு மூன்று நாலு வாரம் முன்னால், இரண்டு மனைகளைத் தன் மச்சினி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதியிருக்கிறார். அன்பின் பேரில் என்று பத்திரத்தில் போட்டிருக்கிறது. அன்பு வருகிற நேரத்தைப் பாருங்கள். இப்படி நாணயமில்லாமல் கைமாற்றியதையும் ஜப்தி செய்ய 1997 சட்டத்தில் வழி இருக்கிறது, அதனால் இதற்காக நான் அதிகம் கவலைப்படவில்லை. கையில் காசாகப் போனதுதான் கிடைக்காது.

ஜெராக்ஸ் கடைக்காரர் நகல் எடுத்துக்கொண்டே ஃபைலில் இருந்த பெயரைப் படித்துவிட்டார். "மேடம், நீங்க அந்த டிபார்ட்மெண்டா? நானு ஒருத்தர்கிட்ட மாசம் அஞ்சாயிரம் கட்டிகினு வர்றேன், அது நல்ல எடமா பாத்துச் சொல்லுங்க." பதிவு எண் இருக்கிறதா, ரசீது தருகிறாரா என்று கேட்டேன். ரசீதெல்லாம் இல்லை, நம்ம ஏரியா ஆள், கோயில் தர்மகர்த்தா என்றார். 2022-ல் மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி இதே வட்டாரத்தில் ஆயிரம் கோடிக் கணக்கில் வாரிக்கொண்டு போனதைப் பார்த்த ஊர் இது. பேப்பரில் படித்தீர்கள்தானே என்றால், "அது பேராசை மேடம். இவரு வெறும் ரெண்டு பர்சண்ட்தான்" என்கிறார். ஜெராக்ஸ் 84 ரூபாய், எண்பது போதும் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டில் முள்ளுக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. இலவம்பாடிக் கத்தரிக்காய் என்று சப்ளையர் பெருமையாகச் சொன்னார். காம்பில் முள் இருக்கும், கத்தரிக்காய் வெண்ணெய் போலக் கரைகிறது. சாப்பாடு 110, குழம்பு இரண்டாவது தடவை கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கோட்டைக்குள் போய்க் கொஞ்சம் நடந்தேன். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் பண்ணுவார்கள். கடைசியது 1981-ல் தீர்ந்துவிட்டது, கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன்னால் வெள்ளைக்காரர்களுக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான் என்று யோசித்துக்கொண்டு நடக்கும்போதே மண் வாரி இறைத்துக் காற்றடித்து, பெரிய துளியாக மழை. கல் மண்டபத்தில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒதுங்கிய சுண்டல்காரர் தன் குடையைத் தனக்குப் பிடிக்காமல் சுண்டல் கூடைக்குப் பிடித்திருந்தார். பத்து நிமிஷ மழை, அப்புறம் முன்னைவிடப் புழுக்கம். மீதி ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. பக்கத்து அறை அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், இன்றைக்குப் பொரியோடு ரசகுல்லாவும் வந்தது.

மே 15, வியாழன் – குடியாத்தம்

சீட்டக்கா தீபாவளிக்கு அப்புறம் வாலாஜாவை விட்டுக் குடியாத்தத்தில் அம்மா வீட்டோடு வந்துவிட்டார் என்று தெரிந்தது. இன்றைக்கு வைகாசி ஒன்று. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஈ கூட உள்ளே போக முடியாது என்று ஏட்டு தலைபாடாக அடித்துக்கொண்டார். மேலிடத்திலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று உத்தரவு. போனோம்.

ஏட்டு சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. ஊருக்கு வெளியிலேயே பாரிகேட். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு, கௌண்டன்யா ஆற்றங்கரையில் இருக்கிற கெங்கையம்மன் கோயிலுக்கு வரும், அங்கே உடலில் பொருத்துவார்கள். பரசுராமர் தாயின் தலையை வெட்டிய கதை. வழி முழுக்க வேண்டுதல் தேங்காயைச் சூறை விடுகிறார்கள். மழை பெய்த மாதிரி இளநீர் ஓடுகிறது, சில்லு பறக்கிறது. பந்தோபஸ்தில் நிற்கிற போலீஸார் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பறந்து வந்த ஒரு ஓடு எங்கள் ஜீப்பின் இண்டிகேட்டரை உடைத்துவிட்டது. டிரைவர் தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், அம்மன் உடைச்சதுன்னு லாக் புக்ல எழுதலாமா?" என்றான்.

ஜீப்பை விட்டுவிட்டு நடந்தோம். யார் வீட்டு வாசலில் நின்றாலும் மோர் கொடுக்கிறார்கள், பானகம் கொடுக்கிறார்கள், யார் என்று கேட்பதில்லை.

சீட்டக்கா வீடு சின்ன ஓட்டு வீடு, சொந்தக்காரர்கள் நிறைய. என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, நைட்டி மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். முதல் வார்த்தை, "சாப்பிட்டுட்டு எழுதிக்குங்க மா." உள்ளே களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வாசனை தூக்குகிறது. காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டது.

நாளைக்கு வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்க்க வாய்ப்புள்ள ஒருவர் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்திலிருந்தே வழக்கம். வேண்டாம் என்றேன். அவருடைய அம்மா நிலைப்படியில் நின்று, "ஏம்மா, எங்க வூட்ல சாப்புட மாட்டீங்களா?" என்று கேட்டார். அதை என்ன அர்த்தத்தில் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது, காது சூடாகிவிட்டது. அது இல்லை ஆயா, முதலில் நோட்டைப் பார்க்கிறேன், அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

நோட்டு வந்தது. நீள நோட்டு, அட்டை மூலையில் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடப்பக்கம் பெயர்கள், பெயரென்றால் "தண்ணி டேங்க் பக்கத்து வூடு", "ரோஜா அம்மா", "ஷூ கம்பெனி பெரிசு" என்றெல்லாம். மாதத்துக்கு ஒரு பத்தி. வசூலானதற்குச் சிவப்பு டிக், கம்பெனியில் கட்டியதற்குப் பச்சை டிக். பதினோரு பத்தியில் இரண்டு நிறமும் இருக்கிறது. பன்னிரண்டாவதில் சிவப்பு மட்டும்.

ஏஜெண்டை எதிரியாகச் சேர்ப்பதா, சாட்சியாக வைப்பதா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது கடைசி இரண்டு மூன்று மாதத்தை. தப்பு பண்ணுகிறவர்கள் கப்பல் மூழ்கும் முன்னால் தன் பணத்தை எடுத்திருப்பார்கள், தன் அட்டையைக் கட்டாமல் நிறுத்தியிருப்பார்கள், மற்றவர்களிடம் வசூலை மட்டும் விட்டிருக்க மாட்டார்கள். இவர் தன் பெயரிலும் மகள் பெயரிலும் தனியாக இரண்டு அட்டை போட்டிருக்கிறார், புரட்டாசி வரை கட்டியிருக்கிறார். கமிஷன் அட்டைக்கு 200, அதோடு ஒரு மிக்சி. மிக்சி சமையலறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டாவது மாசப் பணம் எங்கே?"

வசூல் பண்ணிக்கொண்டு கட்டப் போன அன்றைக்கு கம்பெனி குடோன் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது குடோன் நிறைந்து வழிய வேண்டும், காலி அட்டைப்பெட்டிதான் கிடந்திருக்கிறது. கட்டாமல் திரும்பிவிட்டார். திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்றேன். "ஐந்நூற திருப்பிக் குடுத்தா மீதி அஞ்சாயிரத்து ஐந்நூறு எங்கன்னு அப்பவே கேட்டிருப்பாங்க மா. கொழந்தைங்க தீபாவளிக்கு ஒண்ணும் இல்லாம நிக்குமே." அந்த 19,000-த்தில் ஆளுக்கு அரைக் கிலோ ஸ்வீட், கால் கிலோ மிக்சர், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மத்தாப்புப் பெட்டி வாங்கி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். கம்பெனி கொடுத்ததாகவும் சொல்லவில்லை, தான் கொடுத்ததாகவும் சொல்லவில்லை, வெறுமனே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்தார். 18,400. பில் இல்லை, கடைகளில் வரி இல்லாமல் கொடுப்பார்களே, அந்த எஸ்டிமேட் தாள். மீதி 600 ஆட்டோவுக்கு என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

கணக்கு பைசா சுத்தம், சட்டத்தில்தான் சிக்கல். ஏமாற்றுவது தெரிந்த பிறகு உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அடுத்தவர் பணத்தை வாங்கி அவர்கள் சம்மதம் இல்லாமல் வேறு செலவு செய்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார்: பணத்தை ஏஜெண்டுகள் விழுங்கிவிட்டார்கள், என் கட்சிக்காரர் அப்பாவி என்பார். 1997 சட்டம் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களைத்தான் பிடிக்கிறது, தெருவில் வசூல் பண்ணுகிற ஒருவர் நிர்வாகமா? என் கணக்கில் இல்லை. சாட்சிதான், அதுவும் என் கையில் இருக்கிற நல்ல சாட்சி, ஐப்பசியில் குடோன் காலி என்று கண்ணால் பார்த்தவர் வேறு யாரும் இதுவரை கிடைக்கவில்லை. டி.எஸ்.பி. ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ள வைப்பேன் என்று நினைக்கிறேன்.

எழுதி முடிக்க நாலு மணி. அதற்கப்புறம் ஆறிப்போன களியைக் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு மத்தியானமே இரண்டு ரவுண்டு முடித்திருந்தார், சாட்சி எது எதிரி எது என்கிற குழப்பமெல்லாம் அவருக்குக் கிடையாது.

மே 16, வெள்ளி – ஆற்காடு, வாலாஜா

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வேலூர் திரும்பினோம். காலையில் உடம்பெல்லாம் வலி. சீட்டக்கா சொன்னது உண்மையா என்று அந்தத் தெருவில் கேட்டாக வேண்டும், எஸ்டிமேட் தாளை மட்டும் நம்பிப் போக முடியாது.

ஆற்காட்டில் ஏட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். டெல்லி கேட் பார்க்கவா என்றேன், 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. "அது எங்க போவப்போவுது மேடம்" என்று சொல்லி மக்கன் பேடா கடைக்குக் கூட்டிப் போனார். குலாப் ஜாமூனுக்கு அண்ணன் முறை, உள்ளே முந்திரியும் பாதாமும் திராட்சையும். நாக்கில் வைத்தால் வெண்ணெயாக இறங்குகிறது. வீட்டுக்கு ஒரு கிலோ, பக்கத்து அறைக் குடும்பத்துக்குக் கால் கிலோ. தோய்ந்து கிடக்கிற பாகு ஜீப் சீட்டில் ஒழுகி, வழக்கு ஃபைலின் கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் யாராவது கேட்டால் பார்த்துக்கொள்கிறேன்.

வேப்பமரத்தடிக்குப் போனதும் அதே நாற்காலி, அதே பெண்கள். சீட்டக்காவைப் பார்த்தேன் என்றேன். எல்லோர் முகமும் இறுகியது. அவர் என்ன சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை, சாட்சி வாயில் வார்த்தையை வைக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்னால் யாராவது உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டேன்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் சிரித்த அந்த ஆயாதான் முதலில் பேசினார். "குடுத்துச்சு மா. ஸ்வீட்டு குடுத்துச்சு, மிச்சரு குடுத்துச்சு. எம் பேரனுக்கு மத்தாப்பூ." அதைச் சொன்னால் அக்கா மாட்டிக்கொள்ளும் என்று தெருவே சேர்ந்து பேசி வைத்திருந்தார்களாம். மாட்டாது என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது, நடந்ததை அப்படியே சொன்னால் அவருக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அடைமழைதான். ஸ்வீட்டில் மைசூர்பாகு எத்தனை, பாதுஷா எத்தனை என்பது வரைக்கும் வந்துவிட்டது.

எல்லோருடையதையும் எழுதி முடித்து, யாரிடமும் கையெழுத்து வாங்காமல் எழுந்தபோது, தண்ணி டேங்க் பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "மேடம், ஒண்ணு விட்டுப்போச்சு, எழுதிக்குங்க. அந்த மிச்சரு நமுத்துப் போயிருந்துச்சு."